கையில் விளக்கு

எங்க சேரிக்கு முதல்ல வந்தது குண்டு பல்பு. ஊர்த்தெருவில் கம்பத்துக்குக் கம்பம் ட்யூப்லைட். எங்களுக்கு நாலு கம்பத்துக்கு ஒண்ணு, அதுவும் பாதிநாள் எரியாது. தேர்த் தகராறுக்குப் பிறகு, போலீஸ் கூடாரத்துக்குப் பக்கத்தில் பெரிய ஃபோகஸ் லைட்டை நட்டு எங்க வாசலைப் பார்த்துத் திருப்பினார்கள். ராத்திரியில் ஒதுங்கப் போகப் பொம்பளைகளுக்கு மறைவே இல்லை. "வெளிச்சம் கேட்டது தப்பாப் போச்சுடா" என்றாள் ஆயா.

நியூயார்க் வரலாற்றைப் படித்தபோது அந்த லைட்தான் ஞாபகத்துக்கு வந்தது. 1712இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1713இல் நகரசபை சட்டம் போட்டது: 14 வயதுக்கு மேற்பட்ட கறுப்பின, செவ்விந்திய அடிமைகள் இருட்டிய பின் தெருவில் நடந்தால் எரியும் விளக்கு கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் பிடித்துக்கொடுக்கலாம், சவுக்கடி. வெள்ளைக்காரர் கூட வந்தால் விளக்கு வேண்டாம். (அவரே விளக்கு போலிருக்கிறது!) நடக்கிற மனுசனையே விளக்குக் கம்பமாக்கிய சட்டம் இது.

அதே நகரத்தில், 2014க்குப் பிறகு, கறுப்பரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் மிகுதியாக வாழும் அரசுக் குடியிருப்புகளில் டீசல் ஜெனரேட்டர் இரைச்சலோடு ராட்சச விளக்குகள் நின்றன. அந்த விளக்குகளால் இரவுக் குற்றம் குறைந்தது என்று ஆய்வே சொல்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனா படுக்கையறைக்குள் வந்து விழுந்த வெளிச்சத்தில் தூக்கம் போச்சு என்று அங்கே குடியிருந்தவர்களும் சொன்னார்கள்.

ஆயா எங்க வாசலில் சாக்குப் படுதா கட்டினாள்.