சாம்பியன்: களத்தில் பிறந்த பட்டம்

'சாம்பியன்' என்ற சொல்லின் வேர் 'காம்பஸ்' என்னும் லத்தீன் சொல். திறந்தவெளி, களம் என்று அதற்குப் பொருள். களத்தில் இறங்கிப் பொருதுபவனைப் பிற்கால லத்தீனில் 'காம்பியோ' என்றார்கள். அது பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குள் வந்து 'சாம்பியன்' ஆயிற்று. கல்லூரி வளாகத்தை நாம் 'கேம்பஸ்' என்கிறோமே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான். உடன்பிறந்த இந்த இரு சொற்களும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மீண்டும் சந்தித்தன. யார் சாம்பியன் என்று அங்கே ஏறக்குறைய நூறாண்டுகளாக ஓயாத ஒரு வழக்கைப் புரிந்துகொள்ள, முதலில் இந்தச் சொல்லின் பழைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

இடைக்கால ஐரோப்பாவில் சில வழக்குகளை வாள்முனையில் தீர்த்தார்கள். பெண்களும் முதியவர்களும் மதகுருமார்களும் தங்களுக்குப் பதிலாக ஒரு வீரனை நிறுத்தலாம். அந்த வீரனுக்குப் பெயர் சாம்பியன். இங்கிலாந்தில் அரசருக்கே ஒரு சாம்பியன் உண்டு. டைமோக் குடும்பத்தின் பரம்பரை உரிமை அது. முடிசூட்டு விருந்து நடக்கும்போது அவர் முழுக் கவசம் பூண்டு, குதிரைமேல் அமர்ந்தபடியே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் வருவார். புதிய அரசரின் உரிமையை மறுப்பவர் இருந்தால் தன்னோடு மோத வரலாம் என்று அறிவித்து, இரும்புக் கையுறையைத் தரையில் வீசுவார். 1821இல் நான்காம் ஜார்ஜின் விருந்தோடு அந்தச் சடங்கு நின்றுபோனது. பட்டத்தில் ஐயம் எழுந்தால் களமே தீர்ப்புச் சொல்லும் என்ற எண்ணம் இந்தச் சொல்லோடு ஒட்டியே வளர்ந்தது.

'கேம்பஸ்' என்ற சொல் கல்லூரி வளாகத்தைக் குறித்ததற்கு மிகப் பழைய சான்று 1774ஆம் ஆண்டு பிரின்ஸ்டனிலிருந்து கிடைக்கிறது. பிரிட்டிஷ் வரியை எதிர்த்து மாணவர்கள் அங்கே தேயிலையைக் கொளுத்திய செய்தியைச் சொல்லும் கடிதம் அது. 1869இல் ரட்கர்ஸ் கல்லூரியோடு முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் மோதியதும் பிரின்ஸ்டன்தான்.

ஆட்டம் நாடு முழுவதும் பரவியபோது ஒரு சிக்கல் முளைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள்; ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான். ஒரு வட்டாரத்தில் தோல்வியே காணாத அணி, இன்னொரு வட்டாரத்தில் தோல்வியே காணாத அணியைச் சந்திக்காமலே பருவம் முடிந்துவிடும். 1935இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியர் ஆலன் கூல்ட், தன் கணிப்பில் மினசோட்டா, பிரின்ஸ்டன், சதர்ன் மெதடிஸ்ட் ஆகிய மூன்றையும் சமமாக முதலிடத்தில் வைத்தார். கொதித்துப்போன மினசோட்டா ரசிகர்கள் அவருடைய கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்பு நாடெங்கும் உள்ள பத்திரிகையாளர்களிடம் போனது. அப்படித் தொடங்கியதுதான் ஏ.பி. போல்.

'போல்' என்றால் இடைக்கால ஆங்கிலத்தில் தலை. தலைவரிக்குப் 'போல் டாக்ஸ்' என்று பெயர் வந்ததும் அதனால்தான். தலைகளை எண்ணுவது பிறகு வாக்குகளை எண்ணுவதாக மாறியது. ரோம் நகரத்தின் காம்பஸ் மார்சியஸ் மைதானத்தில் படைப்பயிற்சியும் நடந்தது, வாக்கெடுப்பும் நடந்தது. ஆனால் ரோமானியர்கள் அங்கே பதவிக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். போரில் வென்றவன் யார் என்று வாக்குக் கேட்கவில்லை. வாக்கில் பிறந்த பட்டத்துக்குக் களத்தில் பிறந்த பெயரைச் சூட்டியதுதான் கல்லூரி ஃபுட்பாலின் அடிப்படைப் பிழை என்பது என் உறுதியான எண்ணம். முதல் ஆண்டிலேயே அது வெளிப்பட்டது. 1936இன் சாம்பியன் மினசோட்டா, அதே பருவத்தில் நார்த்வெஸ்டர்னிடம் 6–0 என்று தோற்றிருந்தது. நாளிதழ்களே கூட இதைக் 'கற்பனைச் சாம்பியன்ஷிப்' என்று எழுதிவந்தன.

1950இல் யுனைட்டட் பிரஸ் பயிற்சியாளர்களிடம் வாக்குக் கேட்கத் தொடங்கியது. ஒரே பட்டத்தை இரண்டு இடங்களில் வழங்கும் நிலை அதனால் வந்தது. புத்தாண்டையொட்டி நடக்கும் 'பவுல்' ஆட்டங்களைக் கௌரவ ஆட்டங்களாகக் கருதி, அவற்றுக்கு முன்பே இறுதி வாக்கெடுப்பை முடித்துவிடுவார்கள். 1968 முதல் ஏ.பி. அந்த வழக்கத்தைக் கைவிட்டது; பயிற்சியாளர்கள் விடவில்லை.

1973 டிசம்பரில் அவர்கள் அலபாமாவைச் சாம்பியன் என்று அறிவித்தார்கள். அந்த மாதம் 31ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல். எதிரணி நோட்டர் டேம். அதுவும் தோல்வி காணாத அணி. கடைசி நிமிடங்களில் நோட்டர் டேம் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. ஆனால் பந்து அதன் சொந்த எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் சிக்கியிருந்தது. அங்கிருந்து பந்தை உதைத்து அனுப்பினால் அலபாமாவுக்கு நல்ல இடம் கிடைத்துவிடும். நோட்டர் டேமின் டாம் கிளெமென்ட்ஸ் துணிந்து நீளமாக எறிந்தார். சக வீரர் ராபின் வெபர் பிடித்தார். ஆட்டம் 24–23 என்று முடிந்தது. ஏ.பி. பட்டம் நோட்டர் டேமுக்குப் போனது. தோற்ற அலபாமாவின் பட்டமும் அப்படியே நின்றது. அடுத்த ஆண்டிலிருந்து பயிற்சியாளர்களும் பவுல் ஆட்டங்கள் முடிந்த பிறகே வாக்களித்தார்கள்.

அப்படியும் பிளவு தீரவில்லை. 1997இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் பட்டத்தைப் பங்கிட்டன. 1998இல் வாக்குகளையும் கணினிக் கணக்குகளையும் கலந்து இரண்டு அணிகளை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பும் முறை வந்தது. 2003 பருவத்தில் இரண்டு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்த தென் கலிபோர்னியாவையே அந்தக் கணக்கு வெளியே நிறுத்தியது. இறுதியில் வென்றது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். பத்திரிகையாளர்களோ தென் கலிபோர்னியாவையே சாம்பியன் என்றார்கள்.

2014இல் நான்கு அணிகள் மோதும் பிளேஆஃப் தொடங்கியது; அணிகளைத் தேர்வுசெய்ய ஒரு குழு அமைந்தது. 2023இல் ஃப்ளோரிடா மாநில அணி 13 ஆட்டங்களையும் வென்றது. ஆனாலும் முதன்மை ஆட்டக்காரர் காயம்பட்டதால் அணி பலம் இழந்துவிட்டது என்று குழு அதைச் சேர்க்கவில்லை. உழைத்து வென்ற பிள்ளைகளுக்கு இழைத்த அநீதியாகவே அதை நான் பார்க்கிறேன்.

2024இல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது. அந்த டிசம்பரில் தோல்வியே காணாமல் வாக்கெடுப்பில் முதலிடத்தில் இருந்தது ஓரிகன். 1936இன் முறை நீடித்திருந்தால் பட்டம் அப்போதே அதன் கைக்கு வந்திருக்கும். 2025 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுலில், பருவத்தில் இரண்டு முறை தோற்றிருந்த ஓஹாயோ மாநில அணி அதை 41–21 என்று வீழ்த்தியது. அதே மாதம் நோட்டர் டேமையும் வென்று சாம்பியன் ஆனது.