குடிநோய் மீட்பில் சக நோயாளர் ஆதரவு

குடியையோ போதைப் பொருளையோ விட்டவர், விட விரும்பும் இன்னொருவருக்குத் தம் பட்டறிவைச் சொல்லித் துணைநிற்பது சக நோயாளர் ஆதரவு எனப்படும். உதவி பெறுபவரோடு, உதவுபவரும் அதனாலேயே குடியிலிருந்து காக்கப்படுகிறார் என்பது இதன் அடிப்படை.

முன்னோடிகள்

1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் மதுக்கடை ஒன்றில் கூடிய ஆறு குடிகாரர்கள், இனித் தொடுவதில்லை என எழுதிக் கையொப்பமிட்டனர். வாஷிங்டோனியர் சங்கம் அப்படிப் பிறந்தது. குடித்துக் கெட்டவர்களே அதன் கூட்டங்களில் எழுந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். 1842இல் ஆபிரகாம் லிங்கனும் ஸ்பிரிங்ஃபீல்டில் இச்சங்கத்தாரிடையே உரையாற்றினார். வேகமாக வளர்ந்த சங்கம், மதுவிலக்கைச் சட்டமாக்குவது பற்றிய பூசல்களில் சிக்கி, சில ஆண்டுகளில் நலிந்தது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.)

நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டார். அடுத்த சில மாதங்களில் அவர் தேடிப்போய்ப் பேசிய எவரும் திருந்தவில்லை. ஆனால் அவர் குடிக்காமல் இருந்தார். 1935 மே மாதம் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், வந்த தொழில் காரியம் கைகூடாமல் மேஃபிளவர் விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடித் தேவாலயங்கள் வழியே விசாரித்ததில் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தின் தொடர்பு கிடைத்தது. கால் மணி நேரம் போதும் என்று வந்த ஸ்மித், பல மணி நேரம் பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10, அமைப்பின் தொடக்க நாள்.

1939இல் வெளியான ஏ.ஏ.யின் நூல் மீட்புக்கான பன்னிரண்டு படிகளை வகுத்தது. பிற குடிநோயாளிகளுக்கு வழிகாட்டுவது கடைசிப் படி. புதியவருக்கு ‘ஸ்பான்சர்’ என்னும் மூத்த உறுப்பினர் துணையிருப்பார். குடிக்கத் தோன்றினால் முதலில் அழைக்க வேண்டியவர் அவரே. 1950இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகள் வெளியார் நன்கொடை, பொதுச் சர்ச்சைகளில் கருத்துரைத்தல், ஊடகங்களில் உறுப்பினர் பெயர் வெளிவருதல் ஆகியவற்றை விலக்கின. வாஷிங்டோனியரைச் சாய்த்த பூசல்கள் இதனால் வாசலிலேயே நின்றன.

பரவல்

குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951இலும், போதைப் பொருள் நோயாளிகளுக்கான நார்கோடிக்ஸ் அனானிமஸ் 1953இலும் தோன்றின. 1957இல் டெல்லி வழியாக ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, போதை மீட்புச் சிகிச்சையில் நாட்டின் முன்னோடிகளுள் ஒன்று. ஏ.ஏ.யின் இறைச்சார்பை ஏற்காதோருக்கு 1994 முதல் ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற மாற்றுகளும் உள்ளன.

பயனும் எல்லையும்

27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கில் கொண்ட 2020 காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் ஏ.ஏ. சார்ந்த சிகிச்சை பிற உளவியல் சிகிச்சைகளைவிட மேலானது எனக் கண்டது. ஆயினும் நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். அந்தத் தொடக்க நாட்கள் மருத்துவருடையவை; அதற்குப் பின்வரும் ஆண்டுகளில்தான் சக நோயாளர் துணை மிகுதியும் தேவைப்படுகிறது.