அச்சம் தரும் அஞ்சல் தலைகள்

கடிதம் வந்தவுடன் அதைப் பிரிப்பதற்கு முன் அதன் விளிம்பைப் பார்க்கும் வழக்கம் நம் இல்லங்களில் நெடுநாள் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் மங்கலச் செய்தி. ஓரத்தில் கருமை ஏறியிருந்தால் யாரோ ஒருவர் கண்மூடிவிட்டார் என்று பொருள். கருமை பூசிய அஞ்சலட்டையை வீட்டிற்குள் கொண்டு செல்லாமல், வாயிற்படியில் நின்றே படித்துவிட்டுக் கிழித்தெறிந்தவர்கள் பலர். ஓலையில் எழுதிய காலத்திலேயே சாவோலை என்றொரு சொல் தமிழில் வழங்கியிருக்கிறது. ஐரோப்பியரும் இதற்கு விலக்கல்லர். துக்க வீட்டு மடல்களுக்கென்றே கருங்கரை போட்ட தாளும் உறையும் அவர்களிடம் விற்பனையாயின. அரக்கு முத்திரையும் கறுப்பாகவே இருக்கும். ஆகவே கடிதத்தின் புறத்தோற்றம் அச்சத்தைச் சுமந்து வருவது புதிதன்று. அச்சத்தை விளையாட்டாக ஒட்டி அனுப்புவதுதான் புதிது.

அமெரிக்க நாட்டில் அக்டோபர் 31 ஆம் நாள் இரவைப் பேய்வேடமிட்டுக் கொண்டாடுகிறார்கள். ஹாலோவீன் என்னும் அப்பெயருக்குப் புனிதர் அனைவர் பெருவிழாவின் முன்னிரவு என்பதே பொருள். நவம்பர் 1 புனிதர்களுக்கு உரியது. நவம்பர் 2 இறந்தோர் நினைவுநாள். நம் மக்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தியும் மலர்களும் ஏந்திச் செல்லும் நாள் அது. இந்த மூன்று நாள்களில் முதல் நாளை மட்டும் பிரித்தெடுத்துக் கொண்டு, வௌவால், எலும்புக்கூடு, ஆவி ஆகிய படங்களுள்ள பழைய அஞ்சல் தலைகளைத் தேடிச் சேகரித்து, நண்பர்களுக்கு எழுதும் உறைகளை அவற்றால் அலங்கரிப்போர் அங்குண்டு. இது வெறும் அலங்காரமும் அன்று. 1861 முதல் வெளியான அந்நாட்டு அஞ்சல் தலைகள், பயன்படுத்தப்படாதவையாயின், இன்றும் செல்லுபடியாகும். பத்துப் பழைய தலைகளைக் கூட்டி ஒட்டினாலும் கடிதம் உரிய இடத்தைச் சென்றடையும்.

அஞ்சல் துறைகளும் இந்த ஆசைக்குத் தீனி போடத் தயங்கவில்லை. 1997 இல் அமெரிக்கா, திராகுலா, பிராங்கன்ஸ்டைனின் அரக்கன், மம்மி, ஓநாய் மனிதன் முதலிய திரைப்பட அரக்கர்களை அஞ்சல் தலைகளில் ஏற்றியது. அதே ஆண்டில் பிரிட்டனும் திராகுலா முதலிய திகில் கதைகளுக்குத் தலைகள் வெளியிட்டது. 2019 இல் அமெரிக்கா மீண்டும் பேய்வீட்டு நிழலுருவங்களை வெளியிட்டது. இவை எல்லாம் அச்சுறுத்த வேண்டுமென்றே வரையப்பட்டவை. ஆதலால் யாரையும் அச்சுறுத்துவதில்லை.

உண்மையாகவே ஒரு நாட்டை நடுங்க வைத்த அஞ்சல் தலை ஒன்று உண்டு. 1903 ஜூன் மாதத்தில் செர்பிய மன்னர் அலெக்சாந்தர் ஒபிரெனோவிச்சும் அரசி திராகாவும் பெல்கிரேடு அரண்மனையில் தம் சொந்தப் படை அதிகாரிகளாலேயே கொல்லப்பட்டனர். அரியணை, போட்டிக் குடும்பத்தைச் சேர்ந்த பீட்டர் கரஜோர்ஜெவிச்சுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு, அவருடைய முன்னோரான கரஜோர்ஜின் எழுச்சிக்கு நூறாண்டு நிறைந்ததையும் புதிய மன்னரின் முடிசூட்டையும் ஒருங்கே கொண்டாட அஞ்சல் தலைகள் வெளியாயின. முன்னோரும் மன்னரும் பக்கவாட்டில் தோன்றும் இரட்டை முகப்படம் அவற்றில் இருந்தது. அத்தலையைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு பகுதியை விரலால் மறைத்துப் பார்த்தால், மூடிய கண்களோடு வேறொரு முகம் தெரிகிறது என்று பேச்சு கிளம்பியது. கொலையுண்ட அலெக்சாந்தரின் முகமாம் அது. சாமுகத் தலை என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. செதுக்கியவர் வேண்டுமென்றே சதி செய்தார் என்று கூட்டத்தார் குற்றஞ்சாட்டினர், அவரோ மறுத்தார். அவர் சொல்லை நம்பவே எனக்குத் தோன்றுகிறது. இரு முகங்களும் நெருங்கி நிற்கும் கோடுகளில் எந்த முகத்தையும் தேடி எடுக்கலாம். கொலை நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்த ஒரு நாட்டிலே, மக்கள் எந்த முகத்தைத் தேடியிருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

செதுக்கியவர் பெயர் லூயி எழேன் முஷோன். பாரிசு நகரத்துக் கலைஞர். இப்பெயர் புதுவை மக்கள் அறிய வேண்டிய பெயர். 1892 இல் பிரெஞ்சிந்தியாவுக்கென முதன்முதல் வந்த அஞ்சல் தலைகளும் இவர் கைவண்ணமே. கடற்பயணம், வணிகம் என்னும் இரண்டின் உருவகங்களை வரைந்து, கீழே ஒரு சிறு பலகையை வெற்றிடமாக விட்டார். அப்பலகையில் ஒவ்வொரு குடியேற்றத்தின் பெயரையும் மாற்றி மாற்றி அச்சிட்டுக்கொண்டார்கள். நமக்குரியதில் 'இந்தியக் குடியேற்றங்கள்' என்று பிரெஞ்சு மொழியில் இருந்தது. அந்தப் பெயரை நீக்கிவிட்டால் படத்தில் புதுச்சேரி என்று சொல்ல எதுவுமில்லை. கடலும் வாணிபமும் ஆட்சியின் முகம். ஊர் வெறும் பலகை.

முஷோன் மறைந்த 1914 ஆம் ஆண்டிலேதான் ஊரின் முகமும் அஞ்சல் தலையில் ஏறியது. ஒரு படத்தில் பிரம்மன். மற்றொன்றில் ஒரு கோவில். அக்கோவிலை விலைப்பட்டியல் நூல்கள் 'புதுச்சேரிக்கு அருகிலுள்ள காளி கோவில்' என்று குறிக்கின்றன. இத்தேர்வு நம்மவர் செய்த தேர்வாக எனக்குத் தோன்றவில்லை. பிரம்மனுக்குத் தனிக் கோவில் காண்பதே இந்நாட்டில் அரிது. காளியோ இவ்வட்டாரத்தாருக்கு அயலாள் அல்லள். திருவக்கரை வக்கிரகாளியின் முன் பௌர்ணமி தோறும் கூடும் கூட்டமே அதற்குச் சான்று. ஆனால் பாரிசிலும் இலண்டனிலும் காளி என்ற சொல் எழுப்பிய ஒலி வேறு. தக்கர், நரபலி, நள்ளிரவு என்று அங்கே ஒரு கதைக்காடே வளர்ந்திருந்தது.

அந்தக் காடு நெடுங்காலத்துக்கு முன்பே விதைக்கப்பட்டது. இத்தாலியப் பயணி வர்த்தமா 1510 இல் ரோமாபுரியில் வெளியிட்ட பயண நூலில், கோழிக்கோட்டு அரசர் வழிபட்டதாக ஒரு பேயுருவத்தை வருணித்தார். அதற்குக் கொம்புகளும் கோரப் பற்களும் உண்டாம். தலையிலோ திருத்தந்தையின் மும்முடியைப் போன்ற முடியாம்! தம் ஊர்ச் சுவரோவியங்களில் கண்ட சாத்தானையே அவர் கேரளத்திலும் கண்டார். பின்னர் வந்தவர்கள் அவரைப் பார்த்து எழுதினார்கள்; ஓவியர்கள் அவர்களைப் பார்த்து வரைந்தார்கள். இவ்வரலாற்றைப் பார்த்தா மித்தர் 1977 இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1782 இல் பிரெஞ்சு அறிஞர் சொன்னெரா வெளியிட்ட பயண நூலின் தெய்வப் படங்கள், தென்னாட்டை நேரில் கண்டவரின் பணி என்பதால், இவ்வகையில் பெரிதும் முன்னேறியவை. அச்சம் குறைந்து அறியும் ஆவல் அங்கே தலைதூக்குகிறது.

புதுவையைப் பொறுத்தவரை, கோவிலை அஞ்சல் தலையில் ஏற்றிய ஆட்சிக்கு வேறொரு கணக்கும் உண்டு. 1748 இல், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், துய்ப்ளே ஆளுநராக இருந்தபோது வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதனை நெஞ்சம் கொதித்துப் பதிவு செய்திருக்கிறார். அருகே சம்பா கோவிலில் இருந்த இயேசு சபைக் குருக்கள் பல்லாண்டுகளாக அதனை அகற்றச் சொல்லி வந்ததையும், இடிப்பில் அவர்களுக்கும் துய்ப்ளேயின் மனைவிக்கும் இருந்த பங்கையும் அவர் மறைக்கவில்லை. அந்தச் சம்பா கோவிலும் 1761 இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. இன்று மிஷன் வீதியில் நாம் காணும் பேராலயம் 1791 இல் நிறைவுற்றது. ஈசுவரன் கோவிலும் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது. இவ்விரண்டு இடிபாடுகளையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதுவது நம்மவர்க்கு எளிதன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது வரலாறாகாது. இடித்த ஆட்சி நூற்று அறுபத்தாறு ஆண்டுகள் கழித்துக் கோவில் படத்தை விற்றுக் காசாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

காசு என்றதும் ஒரு சுவையான செய்தி. 1923 இல் அஞ்சல் தலைகளின் மதிப்பு பிராங்கு, சாந்தீம் கணக்கிலிருந்து மாறியது. இருபத்துநான்கு காசு ஒரு பணம். எட்டுப் பணம் ஒரு ரூபாய். முதலில் பழைய தலைகளின்மேல் புது மதிப்பை அச்சடித்தார்கள். 1929 இல் அதே பிரம்மனும் அதே கோவிலும் புது நாணயத்தோடு தனியே அச்சாகி வந்தன. காசு என்பது பிரெஞ்சு எழுத்தில் 'காஷ்' என்றும் பணம் 'பனோன்' என்றும் உருமாறியிருந்தாலும், சந்தையில் கீரை விற்கும் பெண் சொல்லும் சொற்கள் அவை. படத்தில் நம்மைப் புரிந்துகொள்ளாதவர்கள் கணக்கில் புரிந்துகொண்டார்கள் போலும்.

இரண்டாம் உலகப் போரில் பிரான்சு வீழ்ந்தபின், 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன் தலைமையில் பிரெஞ்சிந்தியா தெகோலின் பக்கம் சாய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இதே தலைகளின்மேல் 'சுதந்திர பிரான்சு' என்ற சொற்கள் பொறிக்கப்பட்டன. இட்லரை எதிர்த்த போராட்டத்துக்குக் காளி கோவிலும் முன்னிறுத்தப்பட்டது என்று யாரேனும் நகையாடினால் தவறு சொல்ல முடியாது.

1948 இல் வந்த புதிய வரிசை சிற்பங்களுக்கு உரியது. அப்சரசும் திருமாலும் அதில் உண்டு. கோவில் வாயிற்காவலராகிய துவாரபாலகரும் உண்டு. அயல்நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அக்டோபர் மாத உறைக்குப் பொருத்தமான 'பேய்த் தலை' தேடினால், கை முதலில் இந்தத் துவாரபாலகர்மேல் விழக்கூடும். துவாரபாலகருக்குச் சிற்பிகள் கோரைப்பல் வைப்பார்கள், விழிகளைப் பிதுங்க விடுவார்கள், கையில் கதை கொடுப்பார்கள், சுட்டுவிரலை உயர்த்தி எச்சரிக்கச் செய்வார்கள். பார்ப்பவர் நடுங்கவேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் எவர் நடுங்கவேண்டும்? தீய எண்ணத்தோடு வாயிலைக் கடக்க முனைபவர். வழிபட வருபவர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறார். ஐரோப்பியப் பேராலயங்களின் மழைநீர்த் தூம்புகளில் அமர்ந்திருக்கும் விகார உருவங்களைக் கண்டு எந்தப் பக்தரும் பூசைக்குப் போகாமல் திரும்பியதில்லை. நம் மிக்கேல் அதிதூதரின் உருவிய வாளும் அவ்வாறே. காவலனைப் பேயென்று ஒட்டுவது, வீட்டு வாசலில் நிற்கும் காவற்காரரைத் திருடனென்று பிடிப்பதை ஒக்கும்.

அமெரிக்கரின் பழைய தலைகளுக்கும் நம்முடையவற்றுக்கும் இன்னொரு வேற்றுமை. அவை இன்னும் கடிதத்தைச் சுமக்கின்றன, இவை சுமப்பதில்லை. வெளியிட்ட அரசே இல்லாமற் போன நாடுகளைச் சேகரிப்பாளர்கள் 'இறந்த நாடுகள்' என்று அழைக்கிறார்கள். பிரெஞ்சிந்தியா அப்பட்டியலில் ஒன்று. 1954 இல் பிரான்சு தன் விடுதலையின் பத்தாமாண்டைக் கொண்டாட எல்லாக் குடியேற்றங்களுக்கும் ஒரு வானஞ்சல் தலை வெளியிட்டது. ஒரு பணம் மதிப்புள்ள அத்தலை புதுச்சேரிக்கும் வந்தது. செர்மானியரிடமிருந்து தான் பெற்ற விடுதலையை, இன்னும் விடுதலை பெறாத ஊரின் உறைகளில் ஒட்டச் சொன்ன அந்தத் துணிவை என்னென்பது!

அதே ஆண்டு அக்டோபர் 18 இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர்; 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர். நவம்பர் 1 ஆம் நாள், புனிதர் அனைவர் பெருவிழாவன்று, ஆட்சி கைமாறியது. பிரான்சின் மூவண்ணக் கொடி இறங்கியது. ஆனால் இணைப்பு உடன்படிக்கை 1956 இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16 இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய எட்டாண்டுகள் சட்டத்தின் கண்ணில் இம்மண் பிரான்சுக்கே உரியது. கடிதங்கள் மட்டும் இந்திய அஞ்சல் தலை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன.