இடமலைக்குடிக்குச் செல்லும் வழி

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ நெடுநாள் வாழ்ந்துவரும் தமிழரிடம், "தங்கள் பூர்விகம் எது?" என்று கேட்டால், அவர் தயங்காமல் ஊர்ப்பெயர் சொல்லுவார். அவ்வூரைக் கண்ணால் கண்டிராத பேரனும் அதே பெயரையே சொல்லுவான். சொந்த ஊரை விட்டுப் பல தலைமுறைகள் கடந்தபின்னும் "மதுரை" என்று விடையிறுக்கும் ஒரு கூட்டத்தார் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மழைக்காட்டில் வாழ்கின்றனர். அவர்கள் முதுவர் எனப்படுவோர். அவர்களுடைய குடியிருப்புக்களில் மிகத் தொலைவிலுள்ள இடமலைக்குடியைப் பற்றியே நாம் இங்குப் பேச எண்ணுகிறோம்.

மதுரையில் அரசு நிலைகுலைந்தபோது தம் முன்னோர் குழந்தைகளை முதுகிற் கட்டிக்கொண்டு போடிநாயக்கனூர் வழியாக மலையேறினர் என்பது முதுவர் சொல்லும் கதை. மீனாட்சியம்மையின் திருவுருவை முதுகிற் சுமந்து வந்ததாற்றான் அப்பெயர் வாய்த்தது என்பாரும் உளர். எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலும் இம்மதுரைக் கதை இடம்பெற்றுள்ளது. எந்தப் போர், எந்த அரசன், எந்த ஆண்டு என்பதில் கதைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆதலின் இதனை ஆவணமாகக் கொள்ளாது, ஒரு மக்கள் தம்மைப் பற்றிக் காத்துவந்த நினைவாகக் கொள்வதே முறை. ஆயினும் முதுவப் பெண்டிர் குழந்தையை முதுகில் துணியால் கட்டிச் சுமப்பதும், தைப்பொங்கலைப் பெருவிழாவாகக் கொண்டாடுவதும், அவர்தம் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் உறவாக நிற்பதும் கண்கூடு.

மலை அவர்களுக்கு நெடுங்காலம் அடைக்கலமாக இருந்தது. பிறகு அதே மலையை நாடிப் பிறர் வந்தனர். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்ஞாற்றுத் தம்புரானிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஆண்டுக்கு 3,000 ரூபாய் குத்தகைக்குப் பெற்றார். (அத்தம்புரான் மரபினரும் தம்மைப் பாண்டியர் வழியினர் என்றே கூறிக்கொண்டனர், மதுரையின் நிழல் அம்மலையில் எங்கும் விழுந்திருக்கிறது.) கண்ணன், தேவன் என்போர் முதுவர் தலைவர் இருவர் என்றும், அவர் பெயராலேயே மலை வழங்கலாயிற்று என்றும் சொல்லக் கேட்கிறோம். அது மெய்யாயின், தேயிலைப் பொட்டலங்களில் உலகெங்கும் சென்ற அப்பெயர், குத்தகைச் சீட்டில் கையெழுத்திடக் கேட்கப்படாத மக்களின் பெயராகும். காட்டுத் தடங்களை அறிந்திருந்த முதுவர் வழிகாட்டிகளாயினர். பின்னர் வரையாடுகளைக் காக்கும் காவலருமாயினர். தோட்ட வேலைக்கோ திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் ஆட்கள் வந்தனர். ஆக, ஒரே மலையில் முன்வந்த தமிழர் காட்டுக்குள்ளும், பின்வந்த தமிழர் லயங்களிலுமாக வாழ்ந்தனர்.

மூணாற்றிலிருந்து இராஜமலை வழியாகப் பெட்டிமுடி வரை தோட்டச் சாலை செல்லும். அங்கிருந்து இடமலைக்குடியின் நடுவிடமாகிய சொசைட்டிக்குடிக்குப் பல்லாண்டுக்காலம் காட்டுவழி நடையே கதி. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் என்று நடப்போர் கணக்கிடுவர். மழைக்காலத்தில் அட்டை, எந்நாளும் யானை, பெருகினால் கடக்கவியலா ஓடைகள். இடமலையாற்றின் தலைப்பகுதியில் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டில், இருபதுக்கு மேற்பட்ட குடிகளாகச் சிதறி, இரண்டாயிரத்துக்குச் சற்று மிகுந்த மக்கள் வாழ்கின்றனர். ஒவ்வொரு குடிக்கும் காணி என்னும் தலைவர் உண்டு. மணமாகா இளைஞர் இரவிற் கூடித் தங்குவதற்குத் தனி மடம் உண்டு. கேழ்வரகே பழைய உணவு. காடு திருத்தி விதைப்பது வனச்சட்டங்களால் குறையவே, நியாயவிலை அரிசி அதனிடத்தைப் பிடித்தது. கைக்குப் பணம் தருவது ஏலம். தலைச்சுமையாகவே அரிசி வர, தலைச்சுமையாகவே ஏலம் செல்ல வேண்டியிருந்தமையால், வாங்கும்போதும் விற்கும்போதும் கூலி அவர்கள் தலையிலேயே விழுந்தது.

நோயுற்றாரின் நிலைதான் நெஞ்சை உறுத்துவது. மூங்கிற் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, மகப்பேற்று வேதனையிலுள்ள பெண்ணையும் முதியவரையும் ஆண்கள் முறைமாற்றித் தூக்கிக்கொண்டு பெட்டிமுடிக்கு நடப்பர். இத்துயரத்தைக் கண்டு மனமிரங்குவோர் சிலர், முதுவர் வழக்கங்களில் குறை காணவே அஞ்சுவர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. மாதவிடாய் நாட்களில் பெண்கள் தனிக்குடிலில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. அதனைத் தவிர்க்க இளம்பெண்கள் கருத்தடை மாத்திரைகளை இடைவிடாது உட்கொள்வதைச் செய்தியாளரும் சுகாதாரப் பணியாளரும் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். மருத்துவர் வாராத காட்டுக்கு மாத்திரை மட்டும் வந்து சேர்ந்தது!

2010-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மூணாறு ஊராட்சியினின்று பிரிக்கப்பட்டு இடமலைக்குடி தனி ஊராட்சியாயிற்று. கேரளத்தில் பழங்குடியினருக்கென அமைந்த முதல் கிராம ஊராட்சி இதுவே. 1956-இல் தேவிகுளம் வட்டம் யாருக்கு என்ற வழக்கு முடிந்து கேரள மாநிலம் பிறந்ததும் அதே நாளில்தான். தன்னாட்சி கிடைத்தது, ஆனால் அலுவலகம் பல ஆண்டுகள் தேவிகுளத்திலேயே நடந்தது. தம் ஊராட்சியின் முத்திரை பதித்த ஒரு தாளைப் பெறக் குடிமக்கள் காட்டைக் கடந்து பேருந்தும் ஏற வேண்டியிருந்தது.

இவ்வளவு இல்லாமைக்கிடையிலும், இருப்புக்கல்லுக்குடியில் பாலில்லாத் தேநீர் விற்ற ஒரு சிறு கடையில் ஒரு நூலகம் நடந்துவந்தது. சாக்குகளில் 160 நூல்கள்! பஷீர், எம். டி. வாசுதேவன் நாயர் முதலியோர் நூல்களோடு சிலப்பதிகாரத்தின் மொழிபெயர்ப்பும் அவற்றுள் இருந்தது. மதுரையை விட்டுவந்தோம் என்போர், மதுரை எரிந்த கதையை மலையாளத்தில் வாசித்திருக்கின்றனர்.

பள்ளிக்கூடத்திலோ கதை வேறு. மலையாளத்தில் நடக்கும் பாடம் முதுவக் குழந்தைக்கு வேற்றுமொழியாகவே ஒலிக்கிறது. வேற்றுமாநிலங்களில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்க்கு இத்தொல்லையை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் நம் பிள்ளைக்கு வீட்டுமொழியில் எழுத்தும் ஏடும் உண்டு; முதுவப் பிள்ளைக்கு அவை இல்லை. அங்குப் பணியாற்றிய ஆசிரியர் முதுவச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தொகுக்க முற்பட்டதை, சாலையினும் சிறிய பணியென நாம் கருதவில்லை.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் புதைந்தன, எழுபதுபேர் மாண்டனர். மாண்டோரிற் பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்ட தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். செய்தித் தொடர்பு அற்றிருந்தமையால் விடிந்த பிறகே வெளியுலகம் அறிந்தது. இடமலைக்குடிக்குச் செல்வோர் வண்டியிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கும் இடம் அதுவேயாகும்.

அதே ஆண்டில் கொள்ளைநோய் நாடெங்கும் பரவியபோது, இடமலைக்குடி மக்கள் தாமே கூடி முடிவு செய்து வெளியாரை உள்ளே விடாமல் வழியை அடைத்தனர். 2021 ஜூலை வரை அங்கு ஒருவருக்கும் அந்நோய் காணப்படவில்லை. மருத்துவமனை எட்டாத் தொலைவு, அந்த ஓராண்டுக்கு மேல் அரணாகவும் நின்றது.

2023-இல் பெட்டிமுடியிலிருந்து சொசைட்டிக்குடிக்குக் கான்கிரீட் சாலை அமைக்கும் பணி தொடங்கப்பெற்றது. முதற்கட்டம் இடலிப்பாறை வரை. இதனை எதிர்ப்பதற்கு நமக்கு உரிமையில்லை. தூளி சுமந்து நடவாதவர் காட்டின் தனிமையைப் புகழ்வது எளிது. சாலை வந்தால் ஏலத்துக்குக் கூலி குறையும், மருத்துவர் வருவார், ஆசிரியர் தங்குவார். வியாபாரியும் சுற்றுலாக்காரரும் அதே சாலையில்தான் வருவர். 1877-இல் வந்தவரைத் தடுக்க முதுவரிடம் ஏதுமில்லை. இன்று 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும், சொந்த ஊராட்சியும், ஊர்க்கூட்டமும் உள்ளன. வெளியாருக்கு எவ்வளவு இடம் என்பதைக் காணிகளும் ஊர்க்கூட்டமும் சொல்ல, அலுவலர் அதனைக் கேட்பாராயின், வழியடைத்த மக்களுக்கு வழிதிறக்கவும் தெரியும் என்றே நாம் நம்புகிறோம்.

திட்டமிடப்பட்ட சாலை சொசைட்டிக்குடியோடு முடிகிறது. மற்றக் குடிகள் அதற்கப்பால், ஓடைகளுக்கும் யானைத் தடங்களுக்கும் அப்பால் இருக்கின்றன.