முகமூடியும் மூலபாடமும்: பவர் ரேஞ்சர்ஸ் தொடரும் வலையொலி உரையாளரும்

பாட்காஸ்ட் என 2004-இல் பெயர் பெற்ற வலையொலி வகையின் கிளைகளுள் ஒன்று, இளமையிற் கண்ட தொலைக்காட்சித் தொடரை முதிர்ந்த பின்னர் முதலிலிருந்து மீண்டும் கண்டு, பகுதிதோறும் நண்பர் சிலர் உரையாடுவதாகும். 1993 ஆகஸ்டு 28-ஆம் நாள் அமெரிக்காவில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்’ என்னும் சிறுவர் வீரத்தொடர்க்கு இத்தகைய வலையொலிகள் பல எழுந்துள்ளன. இவற்றை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளுவார் உளர். ஒரு பனுவலைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு விளக்குதலின் இவையும் உரையே என்பது எம் துணிபு. உரையெனின், மூலபாடம் யாது என்னும் வினா முதற்கண் எழும்.

இத்தொடர் முதனூல் அன்று, வழிநூல். ஜப்பானில் 1975-இல் ஷோட்டாரோ இஷினோமோரி படைத்த ‘கோரெஞ்சர்’ முதலாகத் தோய் நிறுவனம் ஐவண்ண வீரர் தொடர்களை உருவாக்கி வந்தது. அவ்வரிசையில் 1992 பிப்ரவரி முதல் 1993 பிப்ரவரி வரை 50 பகுதிகளாக வெளிவந்தது ‘சூரேஞ்சர்’. ஹைம் சபானும் ஷுகி லெவியும் அதன் போர்க்காட்சிகளை எடுத்துக்கொண்டு, முகந்தோன்றும் காட்சிகளை மட்டும் அமெரிக்க நடிகரைக்கொண்டு புதிதாகப் படமாக்கினர். இதனைக் கூடுவதாக்கியது முகமூடியே. கவசம் அணிந்தபின் உள்ளிருப்பவர் யாவர் என்பது காண்போர்க்குப் புலனாகாது. முதனூலும் வழிநூலும் பொருந்தும் தையல், வீரர் உருமாறும் அந்நொடியிலேயே உள்ளது. தொல்லுலகிற் பிறந்து நெடுந்துயில் நீங்கி எழுந்த போர்மறவர் ஐவர், கலிபோர்னியாவின் கற்பனை நகரொன்றில் பள்ளி மாணவராயினர்.

தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுக்கும். இந்நான்கும் இவ்வொரு தொடரில் ஒருங்கே காணக்கிடத்தல் எம்மை வியப்பில் ஆழ்த்தியது. முதற் பருவம் மட்டுமே 60 பகுதிகள்; மூலமோ 50. காட்சி போதாமையின், முடிந்துபோன தொடரின் உடைகளைக்கொண்டு புதிய போர்க்காட்சிகளைத் தோய் நிறுவனமே அமெரிக்கர் வேண்டுகோளின்படி எடுத்தளித்தது. மூலத்திற் பச்சை வீரனாகிய புராய் 42-ஆம் பகுதியில் இறந்துபடுகின்றான். அமெரிக்கத் தொடரின் டாமியோ இறவாது, ஆற்றல் இழந்து, 1994-இல் வெண்ணிற வீரனாக மீள்கின்றான். அவ்வெண்ணிற உடை ‘டைரேஞ்சர்’ என்னும் பிறிதொரு தொடர்க்குரியது. ஆண்டு அதனை அணிந்தவன் ஒரு சிறுவன்.

மஞ்சள் வீரர் செய்தி இன்னும் நுணுகி நோக்கற்பாலது. மூலத்தில் அவர் போய் என்னும் ஆடவர். வழிநூலில் டிரினி என்னும் பெண். இளஞ்சிவப்பு வீராங்கனையின் உடையில் உள்ள சிறுபாவாடை மஞ்சள் உடையில் இல்லாமைக்குக் காரணம் இதுவே. சிறுவயதிற் கண்டோர் இதனை உசாவியிரார், மீள்காண்போர் உசாவுகின்றனர். கறுப்பினத்து நடிகர்க்குக் கறுப்பு நிறமும் ஆசிய நடிகைக்கு மஞ்சள் நிறமும் அளித்தமையையும் அவர் கடிகின்றனர். கடிதல் தகும். ஆயினும், ஒளிபரப்பப்படாதிருந்து 1999-இற் காட்டப்பெற்ற முன்வரைவுப் பகுதியில் டிரினியாக நடித்தவர் வேறொருவர். துய் டிராங் பின்னர் வந்தவர். இப்பாடவேறுபாட்டைக் கருதாது ஆக்கியோர் உள்ளக்கிடக்கையை முடிவு கட்டுதல் உரையாசிரியர்க்கு இழுக்கு. நினைவை நம்பிப் பாடத்தைக் கைவிடும் இப்பிழை ஏட்டுச்சுவடி ஆய்வார்க்கும் புதிதன்று.

மிகப்பெரும் இழப்பு சூனியக்காரியின் திறத்தில் நேர்ந்தது. மூலத்தில் அவள் பண்டோரா. தன் மகனை ஒரு டைனோசர் கொன்றமையால் தீய ஆற்றலுக்குத் தன்னை விற்றுக்கொண்ட தாய். இறுதியில் மகனை மீளவும் இழந்து கண்ணீர் விடுகின்றாள். அக்கண்ணீரால் அவள் மாயவன்மை அழிகின்றது. அமெரிக்கத் தொடரில் அவள் ரீட்டா ரிபல்சா. மகனும் இல்லை, துயரும் இல்லை, தலைவலியென்று கூச்சலிடும் நகைப்பாத்திரமே எஞ்சியது. அவலம் மிக்கதொரு பாத்திரம் இவ்வாறு வெறும் எள்ளற்பொருளாயிற்று. சிறுவர் இதனைத் தாங்கார் எனக் கருதினர் போலும். ஜப்பானியச் சிறுவர் தாங்கினர் என்பதை மறக்கலாகாது.

2015-இல் ‘சூரேஞ்சர்’ ஆங்கில அடிவரிகளுடன் அமெரிக்காவில் குறுவட்டாக வெளிவந்தது. அதன்பின் மூலத்தை ஒப்புநோக்காது வழிநூலை மட்டும் விளக்குவார்க்கு மொழியறியாமை தக்க காரணம் ஆகாது. ஒப்புநோக்கின், தம் இளமை எவர் எவருடைய உழைப்பால் ஆயது என்பதேனும் அவர்க்குப் புலனாகும். ரீட்டாவின் சிரிப்பை வலையொலியிற் பேசி மகிழ்வோர் நினைவுகூர்வது பார்பரா குட்சனின் குரலை. முதற் பருவத்தில் அவர் கண்ட முகமோ 2006-இல் மறைந்த மச்சிக்கோ சோகாவினுடையது. அவர்தம் குரலை அந்நாளில் அச்சிறுவர் ஒருமுறையும் கேட்டிலர்.