முள் நகராத வாரங்களும் அழுக்குத்துணிக் கூடையில் ஒரு பிஸ்கட் டப்பாவும்

எங்க வீட்டு எடை மெஷின் ஆறு வாரமா ஒரே எண்ணைத்தான் காட்டிக்கிட்டிருக்கு. 86.4. பேட்டரி வீக்கோன்னு மாத்திப் பார்த்தேன். தரை சமமா இல்லையோன்னு ஹாலுக்கும் சமையலறைக்கும் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். தங்கமணி ஏறினா ஒழுங்கா காட்டுது, நான் ஏறினா மட்டும் அதே 86.4. முதல் மூணு மாசத்துல ஏழு கிலோ இறங்கினப்போ, கேட்காதவங்களுக்கும் வலியப் போய் டிப்ஸ் குடுத்தவன் நான். இப்ப யாராவது "எவ்ளோ குறைஞ்சிருக்கு?"ன்னு ஆரம்பிச்சா பேச்சை கிரிக்கெட் பக்கம் திருப்பிடறேன்.

சரி, உட்கார்ந்து புலம்பறதுக்குப் பதிலா, இதே இடத்துல நமக்கு முன்னாடி மாட்டிக்கிட்டவங்க என்ன பண்ணாங்கன்னு பார்க்கலாமேன்னு புத்தகங்களைப் புரட்டினேன். அப்படிக் கிடைச்சவர்தான் ஜீன் நைடெட்ச்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குங்க. வருஷம் 1961, ஊர் நியூயார்க். குவீன்ஸ் பகுதியில குடியிருந்த ஒரு சாதாரண இல்லத்தரசி. வயசு 37, வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எடை 214 பவுண்டு, நம்ம கணக்குல 97 கிலோ. ஒருநாள் சூப்பர் மார்க்கெட்ல தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க பார்த்து, நல்லாயிருக்கீங்களே, குழந்தை எப்போ பிறக்கப் போகுதுன்னு விசாரிச்சிருக்காங்க. ஜீன் அப்போ கர்ப்பமாவே இல்லை.

அந்த அடியில நேரா நகர சுகாதாரத் துறை நடத்தின உடல்பருமன் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தார். அங்க டாக்டர் நார்மன் ஜொலிஃப் வகுத்த உணவுத் திட்டம் நடைமுறையில இருந்தது. வாரத்துக்கு அஞ்சு தடவை மீன், அளவா ரொட்டி, கொழுப்பு எடுத்த பால், எந்த வேளையும் பட்டினி கிடக்கக் கூடாது. இன்னைக்குப் படிச்சாலும் பெருசா குறை சொல்ல முடியாத திட்டம். பத்து வாரத்துல 20 பவுண்டு இறங்கிச்சு. அதுக்கப்புறம்தான் மனசு தளர ஆரம்பிச்சது.

காரணம் ஒரு பிஸ்கட். மேலோமார்ஸ்னு பேரு, மார்ஷ்மெல்லோ மேல சாக்லேட் பூசினது. வீட்ல யாருக்கும் தெரியாம அழுக்குத்துணிக் கூடைக்குள்ள டப்பாவை ஒளிச்சு வச்சு, ராத்திரி பாத்ரூம்ல உட்கார்ந்து சாப்பிடுவாராம். கிளினிக்கில் வகுப்பு எடுத்த அம்மா ஒல்லியானவர், கண்டிப்பானவர். அவர்கிட்ட போய் பிஸ்கட் மேட்டரைச் சொல்ல ஜீனுக்கு வாய் வரலை. பின்ன எப்படி வரும்!

அந்தக் காலத்து நிலவரமும் தெரிஞ்சுக்கணும். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட்ங்கிற மனநல மருத்துவர் 1959-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இதே நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில எடை குறைக்க வந்த 100 பேரைத் தொடர்ந்து கவனிச்சிருந்தாங்க. 20 பவுண்டு குறைச்சவங்க 12 பேர்தான். 40 பவுண்டு குறைச்சவர் ஒரே ஒருத்தர். ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, குறைச்ச எடையைக் காப்பாத்திக்கிட்டவங்க ரெண்டே பேர். டயட் சார்ட்டைக் கையில குடுத்து அனுப்புற வைத்தியத்தோட மார்க் அவ்வளவுதான். அப்போ மத்தவங்க எல்லாரும் சோம்பேறிகளா, மனவுறுதி இல்லாதவங்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட இன்னும் 16 வருஷம் பின்னாடி, அமெரிக்காவோட வடக்குப் பக்கம் மினசோட்டாவுக்குப் போகணும்.

இரண்டாம் உலகப்போர் முடியற நேரம். ஐரோப்பாவில் பட்டினியால வாடுறவங்களுக்கு எப்படித் திரும்ப உணவு குடுத்துத் தேத்துறதுன்னு கண்டுபிடிக்க, ஆன்சல் கீஸ்ங்கிற விஞ்ஞானி 1944 நவம்பர்ல ஒரு பரிசோதனை ஆரம்பிச்சார். இடம், மினசோட்டா பல்கலைக்கழகத்து கால்பந்து மைதானத்துக்கு அடியில இருந்த அறைகள். ஆட்கள், மனசாட்சிப்படி துப்பாக்கி தூக்க மாட்டோம்னு சொன்ன 36 இளைஞர்கள். நல்ல ஆரோக்கியமானவங்க, குண்டு ஆசாமிகள் கிடையாது. முதல் 12 வாரம் வயிறார சாப்பாடு. அப்புறம் 24 வாரம் அதுல ஏறக்குறைய பாதி, நாளைக்குச் சுமார் 1570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடைவேற.

எடை சுமார் கால்வாசி குறைஞ்சது. ஆனா நேர்கோட்டுல குறையலை. முதல்ல சர்ருன்னு இறங்கும், போகப்போக வளைஞ்சு தட்டையாயிடும்னு கீஸ் முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிருந்தார். அந்தக் கோட்டுல எல்லாரும் வரணும்னு வாராவாரம் ஒவ்வொருத்தருக்கும் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் கூட்டிக் குறைச்சார். உடம்பு வரவுக்கு ஏத்த மாதிரி செலவைச் சுருக்கிக்கிச்சு. சும்மா படுத்திருக்கும்போது எரியற சக்தி சுமார் 40 சதவீதம் குறைஞ்சு போச்சு. இதயத் துடிப்பு மந்தமாச்சு, சூடான மாசத்துலயும் குளிர் அடிச்சது. கால்ல நீர் கோத்துக்கிட்டு வீங்கினதுல, உள்ளே கரையறதை எடை மெஷின் காட்டவும் இல்லை. இந்த விவரமெல்லாம் 1950-ல் ரெண்டு பெரிய தொகுதியா வெளிவந்தது.

ஆக, முள் நிக்கறதுங்கிறது உடம்பு தன் வேலையை ஒழுங்கா பார்க்குதுங்கிறதுக்கு அடையாளம். இது 1950-லேயே அச்சுல இருந்த விஷயம்.

ஆனா மருத்துவ உலகத்துல பரவினது வேற ஒரு கணக்கு. 1958-ல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கிங்கிற மருத்துவர், ஒரு பவுண்டு எடைக்கு 3500 கலோரின்னு எழுதினார். தினமும் 500 கலோரி குறைச்சா வாரம் ஒரு பவுண்டுங்கிற அந்தப் பிரபலமான சூத்திரம் இதுல இருந்து வந்ததுதான். அதை அப்படியே நீட்டிப் பாருங்க, 214 பவுண்டு ஆள் 214 வாரத்துல, அதாவது நாலு வருஷம் சொச்சத்துல, காத்தோட கரைஞ்சு காணாமலே போயிடணும்! யாரும் அப்படிப் போனதில்லை. சூத்திரத்துல ஓட்டை இருக்குன்னு யோசிக்காம, நம்மகிட்டதான் ஓட்டைன்னு நினைச்சு நாம வெட்கப்பட்டதுதான் மிச்சம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கெவின் ஹால்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 2016-ல் ஒரு கணக்கு சொன்னாங்க. ஒரு கிலோ குறைஞ்சா உடம்போட தினச் செலவு சுமார் 20லேர்ந்து 30 கலோரி குறையுது. ஆனா பசி தினமும் சுமார் 100 கலோரி அளவுக்கு ஏறுது. பத்து கிலோ குறைச்சவருக்கு தினமும் 1000 கலோரி அளவுக்குப் பசி பின்னாடி இழுக்குதுன்னு அர்த்தம். அத்தனையையும் அவர் எதிர்த்து நிக்கணும், அதுவும் யார் கண்ணுக்கும் தெரியாம.

இதைப் படிச்சதும்தான் எனக்கு அந்த அழுக்குத்துணிக் கூடை புரிஞ்சது. ராத்திரி பத்து மணிக்கு ஜீனை பாத்ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனதுல பழக்கத்தோட பங்கும் இருக்கலாம். ஆனா இறங்கின 20 பவுண்டும் சேர்ந்து கையைப் பிடிச்சு இழுத்திருக்கும். எந்த வகுப்புலயும் அவருக்கு இதைச் சொல்லியிருக்க முடியாது, ஏன்னா அப்போ யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது.

அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். தனியா முடியலை. தன்னை மாதிரியே குண்டா இருந்த ஆறு சிநேகிதிகளுக்கு போன் போட்டு வீட்டுக்குக் கூப்பிட்டார். பிஸ்கட் கதையைப் போட்டு உடைச்சார். திட்டு விழும்னு பார்த்தா, அவங்களும் ஆளாளுக்கு எதை எங்க ஒளிச்சு வச்சிருக்கோம்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. அடுத்த வாரமும் கூடினாங்க. ரெண்டு மாசத்துல கூட்டம் நாப்பது பேர் ஆச்சு. 1962 அக்டோபர் கடைசியில ஜீனோட எடை 142 பவுண்டு, அதாவது 64 கிலோ சொச்சம்.

மினசோட்டாவுலயும் துணைன்னு ஒண்ணு இருந்தது. ஒருத்தர் வெளியே போய்த் திருட்டுத்தனமா சாப்பிட்டு மாட்டினதும், இனிமே யாரும் ஜோடி இல்லாம வெளிய போகக் கூடாதுன்னு கீஸ் விதி போட்டார். அந்த ஜோடி காவலுக்கு. ஜீன் வீட்டுக்கு வந்தவங்களோ, தாங்களும் டப்பா ஒளிச்சு வச்சவங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துலதான் இந்தக் கதையோட சாரமே இருக்கு. காவல்காரன்கிட்ட நாம மறைப்போம், கூட்டாளிகிட்ட சொல்லிடுவோம். சொல்லிட்டா, நின்ன முள்ளு உடனே நகராதுதான், ஆனா அடுத்த வாரமும் மெஷின்ல ஏற தைரியம் வரும்.

அப்புறம் நடந்தது வியாபார வரலாறு. 1963 மே மாசம், லிப்பர்ட் தம்பதியோட சேர்ந்து வெயிட் வாச்சர்ஸ் கம்பெனி. ஒரு சினிமா தியேட்டருக்கு மேல மாடியில முதல் பொதுக்கூட்டம். அம்பது நாற்காலி போட்டா, நானூறு பேர் வந்து நின்னாங்க. 1978-ல் ஹெய்ன்ஸ் கம்பெனி சுமார் 7 கோடி டாலருக்கு வாங்கிச்சு. ஆமாங்க, தக்காளி சாஸ் விக்கிற அதே ஹெய்ன்ஸ்தான்!

இதெல்லாம் மந்திரமான்னா, இல்லை. 2003-ல் 423 பேரை வச்சு வெளியான ஆய்வுல, ரெண்டு வருஷ முடிவுல இந்தக் கூட்டங்களுக்குப் போனவங்க சராசரியா 2.9 கிலோ குறைஞ்சிருந்தாங்க, தானே முயற்சி பண்ணவங்க 0.2 கிலோ. வித்தியாசம் சின்னதுதான், ஆனா நிஜம். 2021-ல் வெளியான செமாகுளுடைட் ஊசி ஆய்வுல 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை இறங்கிச்சு. அங்கயும் கோடு ஒரு வருஷம் வாக்குல தட்டையாயிடுச்சு. மருந்து போட்டாலும் ஒருநாள் முள் நிக்கும். 2025 மே மாசம் அந்த வெயிட் வாச்சர்ஸ் கம்பெனியே கடன் தாங்காம திவால் மனு போட்டது, புது ஊசிகளோட வரவும் அதுக்கு ஒரு காரணம். ஆனா ஜீன் எடை மெஷினோட கடைசி வரைக்கும் ராசியாத்தான் இருந்தார், 2015-ல் 91 வயசுல காலமானார்.

இப்ப நம்ம 86.4-க்கு வருவோம். போன ஞாயித்துக்கிழமை, கூட நடக்க வர்ற நண்பர்கிட்ட ஒரு உண்மையைச் சொன்னேன். எங்க வீட்ல புத்தக அலமாரியில, நான் எடுக்கிறேன்னு யாருமே சந்தேகப்படாத ஒரு தடிமனான அகராதிக்குப் பின்னாடி, மிக்ஸர் பொட்டலம் ஒண்ணு இருக்கு. ராத்திரி பத்தரைக்கு மேல எனக்கு அகராதி பார்க்குற வேலை வந்துடும்.

அவர் சிரிக்கலை. கொஞ்ச தூரம் பேசாம நடந்தார். அப்புறம், "என் கார் டேஷ்போர்டுல முறுக்கு இருக்கு சார்"ன்னார்.

இந்த வாரமும் 86.4 தான். ஆனா இந்த வாரம் அவர்கிட்ட நானே போன் பண்ணிச் சொன்னேன். அவரோடது ஒரு நூறு கிராம் ஏறியிருக்காம். ஞாயித்துக்கிழமை நடக்க வர்றோம், ரெண்டு பேரும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. சர்க்கரை, தைராய்டு, மாத்திரைன்னு இருக்கிறவங்களுக்கு முள் நிக்கறதுக்கு வேற காரணமும் இருக்கலாம், உங்க மருத்துவரைப் பாருங்க. அப்புறம், அகராதி விஷயம் தங்கமணிக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.