உப்புக் காற்றில் பிரேக் விளக்கு

தூத்துக்குடிக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதே ஆண்டில் சென்னையை அடுத்த பாடியில் வாகனங்களுக்கான மின்கருவிகளைச் செய்ய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும், மறு ஆண்டில் பிரேக் உறுப்புகளைச் செய்யப் பிரேக்ஸ் இந்தியா நிறுவனமும் தோன்றின. நீருக்கடியில் இருக்கும் குளியாளின் நிலையைக் கயிற்றின் இழுப்பைக் கொண்டே படகிலிருப்பவர் அறிந்த தொழில் முடிவுக்கு வந்த அந்தக் காலத்தில்தான், கண்ணுக்குத் தெரியாத பிரேக் குழாய்களின் நிலையை ஒரு சிறு சிவப்பு விளக்கால் ஓட்டுநருக்கு அறிவிக்கும் ஏற்பாட்டுக்கு வேண்டிய தொழில் அடித்தளம் தமிழ்நாட்டில் அமைந்தது.

1957-இல் வெளிவந்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவியது. அதில் மிதிகட்டையை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளையிலுள்ள பிரேக் ஆயில் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கடத்தி, அங்குள்ள பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்புறத்தோடு உரசச் செய்யும். தொடக்ககால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொகுதிதான் இருந்ததால், எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தாலும் பிரேக் முழுவதுமே போய்விடும். பெடல் இறங்குவதைத் தவிர அதற்கு வேறு முன்னறிவிப்பு கிடையாது. ஒரே உருளைக்குள் இரண்டு பிஸ்டன்களை வைத்துத் தொகுதியை இரண்டாகப் பிரிக்கும் முறையையும், ஒரு பாதி செயலிழந்தால் எரியும் விளக்கையும் அமெரிக்கா 1968 முதல் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. இந்தியக் கார்களுக்கு இவை பின்னரே வந்து சேர்ந்தன.

தூத்துக்குடியில் கடற்கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட, தோணிகளே சரக்கைக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே கொண்டு சென்றன. அலைதடுப்புச் சுவர்களுடன் கூடிய புதிய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டபின், கப்பல் நிற்கும் தளம் வரை வண்டிகள் செல்லும் நிலை உருவானது. தருவைக்குளம், வேப்பலோடை, முள்ளக்காடு, ஆறுமுகநேரி என நீளும் உப்பளங்களுக்கு நடுவே ஓடும் வண்டிகளின் மேல் படியும் உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதோடு, செம்புக் கம்பிகளின் முனைகளில் பச்சைக் களிம்பையும் ஏற்றுகிறது. பழைய கார்களின் பிரேக் எச்சரிக்கை விளக்குக் கோளாறு இக்கரையில் தனிக் கவனம் பெற வேண்டியதற்குக் காரணம் இதுவே.

அவ்விளக்கின் மின்சுற்று எளிமையானது. சாவியைத் திருப்பியதும் விளக்கின் ஒரு முனைக்கு மின்சாரம் வந்துவிடும். மறுமுனையிலிருந்து செல்லும் கம்பி ஹேண்ட் பிரேக்கின் அடியிலுள்ள சுவிட்சுக்கும், பிரேக் ஆயில் டப்பாவின் மிதவைச் சுவிட்சுக்கும், சில வண்டிகளில் இரு தொகுதிகளின் அழுத்த வேறுபாட்டை உணரும் மூன்றாவது சுவிட்சுக்கும் பிரிந்து போகும். இவற்றுள் எது மூடினாலும் சுற்று வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைந்து விளக்கு எரியும். ஆகவே ஆயில் அளவு சரியாக இருந்து, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கிய பிறகும் விளக்கு எரிந்தால், ஒவ்வொரு சுவிட்சின் இணைப்பையும் தனித்தனியே கழற்றிப் பார்ப்பதே முறை. எதைக் கழற்றியதும் விளக்கு அணைகிறதோ அந்தக் கிளையில்தான் காரணம் இருக்கிறது. அது பழுதான சுவிட்சாகவும் இருக்கலாம், உண்மையான எச்சரிக்கையாகவும் இருக்கலாம் என்பதால், குறிப்பாக மூன்றாவது சுவிட்சின் கிளையாயின், இரு தொகுதிகளின் அழுத்தத்தையும் சோதித்த பிறகே சுவிட்சைக் குறை கூற வேண்டும். எல்லாவற்றையும் கழற்றியும் விளக்கு அணையாவிட்டால், கம்பி எங்கோ உறை தேய்ந்து உடலைத் தொடுகிறது என்று கொள்ளலாம்.

ஆனால் எர்த் இணைப்பு துருப்பிடித்தாலோ களிம்பேறினாலோ சுற்று முழுமை பெறாமல், ஆயில் வற்றினாலும் விளக்கு எரியாது போகும். பொய்யாக எரியும் விளக்கு ஓட்டுநரைப் பட்டறைக்காவது அனுப்பும். பொய்யாக அணைந்திருக்கும் விளக்கோ அவரை நம்ப வைத்து ஏமாற்றுகிறது. உப்புக் காற்று மிகுதியாக விளைவிக்கும் கேடு இந்த இரண்டாவதுதான்.

டப்பாவில் அளவு குறைந்திருப்பது எப்போதும் கசிவைக் குறிப்பதில்லை. டிஸ்க் பிரேக்கின் பேடுகள் தேயத் தேய அவற்றைத் தள்ளும் பிஸ்டன் முன்னேறுவதால், அதன் பின்னுள்ள இடத்தை நிரப்ப ஆயில் இறங்குகிறது. பேடைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றுவது அந்த அறிகுறியை அழித்துவிடும். டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் இருக்க வேண்டிய குறைந்த அளவு 140 டிகிரிதான். உறிஞ்சிய ஈரம் சக்கரத்தில் பிரேக் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரை உள்ளிருந்தே அரிப்பதால், வெளியே துடைத்துப் பராமரித்த வண்டியிலும் கசிவு தோன்றுகிறது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, தூத்துக்குடி மாவட்டத்தையே வெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய வெள்ளத்தில் நிற்கும் வண்டியின் டிரம்முக்குள்ளும் மின் இணைப்புகளுக்குள்ளும் சேறும் நீரும் புகுந்து, உப்பு ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலையை விரைவுபடுத்துகின்றன. ஹேண்ட் பிரேக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியும் சிவப்பு விளக்கு எரியாத பழைய கார் இக்கரையில் இருக்குமானால், அதன் பெடல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பல்பையும் எர்த்தையும் சோதிக்காமல் அதைச் சாலையில் இறக்கக் கூடாது.